பள்ளிக்குழு எதை அளக்கிறது? தேர்ச்சி விழுக்காடு குறித்து ஒரு திறனாய்வு

2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியான பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் சிவகங்கை மாவட்டம் 98.31 விழுக்காடு தேர்ச்சியுடன் தமிழகத்தின் முதலிடத்தைப் பெற்றது. மாநிலம் முழுமைக்குமான தேர்ச்சி 93.80 விழுக்காடு. வானம் பார்த்த பூமி என்றும், பிழைப்புத் தேடிப் புறப்பட்டுப் போவோரின் சீமை என்றும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த மாவட்டம் இது. காரைக்குடியின் கல்லூரிகள் ஒருபுறம் இருக்க, கண்மாய் நீரை நம்பி வாழும் சிற்றூர்களின் பிள்ளைகளும் இந்த வெற்றியில் பங்குடையவர்கள் என்பதை மறத்தலாகாது. அவர்களுக்கும், மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு என்று உழைத்த ஆசிரியப் பெருமக்களுக்கும் உரிய பாராட்டை மனமார அளிக்கிறோம். அப்பாராட்டைக் குறைப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை.

ஆயினும் தேர்வு முடிவு வந்தபின் கூடும் பள்ளிக்குழுக் கூட்டங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை நம் வாசகர்கள் நன்கு அறிவர். தாளாளர் அறிக்கை வாசிக்கிறார். "நமது பள்ளி நூற்றுக்கு இத்தனை" என்ற ஒரே வரியில் ஓராண்டுக் கல்விப்பணி முழுவதும் அடங்கிவிடுகிறது. கைதட்டல் ஓய்ந்தபின் சுற்றுச்சுவர், கடை வாடகை, ஆண்டுவிழா எனப் பேச்சு நகர்ந்துவிடுகிறது. ஆயர்கள் என்ற முறையில் நம்மில் பலர் இக்குழுக்களில் தலைவராகவோ தாளாளராகவோ அமர்ந்திருக்கிறோம். இறையியல் கல்லூரியில் இன்று பயிலும் மாணவரும் பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் அந்நாற்காலிகளில் அமர்வர். கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பள்ளி நன்றாக நடைபெறுகிறதா என்று கண்டறிவது எப்படி என்பதை எவரும் கற்பிப்பதில்லை. ஆகவே கைக்கு எட்டிய அந்த ஒரு வரியைப் பற்றிக்கொள்வது இயல்பாகிவிட்டது. அந்த வரி எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்துப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

மிக உயர்ந்துவிட்ட எண், வேறுபாடு காட்டும் ஆற்றலை இழந்துவிடுகிறது என்பதை முதலில் கருதவேண்டும். ஒரு மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறும்போது, அங்குள்ள பள்ளிகளில் எது தழைக்கிறது, எது தளர்கிறது என்பதை அவ்வெண் நமக்குச் சொல்லாது. முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றவனும் தொண்ணூற்றைந்து பெற்றவளும் அதில் ஒரே கணக்கு. தராசில் ஏற்றிய மூட்டைகள் எல்லாம் ஒரே எடையைக் காட்டினால் செட்டிநாட்டு வணிகர் மூட்டைகளைப் புகழ்ந்துகொண்டிருக்கமாட்டார், தராசைச் சோதிப்பார்.

அதனினும் முக்கியமானது, அந்த விழுக்காடு எதன் விழுக்காடு என்னும் கேள்வி. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியோரில் தேறியவர்களின் கணக்கு. பள்ளியில் சேர்ந்தோரின் கணக்கன்று. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில் 80 பிள்ளைகள் சேர்கின்றனர். ஐந்தாம் ஆண்டின் முடிவில் அவர்களுள் 60 பேர் பொதுத்தேர்வு எழுதுகின்றனர். 59 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 98.33 விழுக்காடு. சேர்ந்த 80 பேரை அடித்தளமாகக் கொண்டால் 73.75 விழுக்காடு. இரண்டு எண்களும் உண்மையே. முதல் எண் பள்ளி வாசலில் பதாகையாகத் தொங்குகிறது. இரண்டாவது எண்ணை எவரும் கணக்கிட்டதேயில்லை.

நடுவில் காணாமற்போன இருபதுபேர் எங்கே? சிலர் பெற்றோருடன் திருப்பூருக்கோ சென்னைக்கோ சென்றிருப்பர். சிலர் அருகிலுள்ள வேறு பள்ளிக்கு மாறியிருப்பர். இவற்றில் பள்ளியின் குறை ஏதுமில்லை. ஆனால் வெளியூர்க் கடையொன்றில் வேலைக்குச் சென்றுவிட்ட சிறுவனும், திருமணம் செய்து கொடுக்கப்பட்டுவிட்ட சிறுமியும் அவர்களுள் இருக்கக்கூடும். இன்னொரு பிரிவினரும் உண்டு. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் பெற்றோரை அழைத்து, "இவன் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இவ்வழக்கம் தமிழகத்தில் எல்லாரும் அறிந்த இரகசியம். எந்த ஒரு மாவட்டத்தின்மீதும் இதைக் குற்றமாகச் சாட்டுவது நம் கருத்தன்று. உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி, திருச்சபைப் பள்ளி என்ற வேறுபாடுமின்றி எங்கும் நிகழக்கூடியது இது. நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிச்சென்ற மேய்ப்பனைப்பற்றிப் பிரசங்கம் கேட்கும் சபைகளின் பள்ளிகளிலேயே, அந்த ஒன்றை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு, "தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது, நூறு விழுக்காடு" என்று பதாகை கட்டப்படுகிறது. இதனைக் குழுவின் தலைமையில் இருந்து பார்த்தும் பாராதிருப்பது எளிது. ஏனெனில் வெளியேறிய பிள்ளை எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

2017ஆம் ஆண்டு தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. முதலிடத்திற்கான வெறிகொண்ட போட்டியைத் தணிக்க எடுக்கப்பட்ட நல்ல நடவடிக்கை அது. மாணவரின் தரவரிசை நின்றது; மாவட்டங்களின் வரிசையும் பள்ளிகளின் விழுக்காடும் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டன.

மானியமும் மனப்பாடமும்

பள்ளியைத் தேர்வு முடிவைக்கொண்டு அளக்கும் முயற்சி புதியதன்று. அதன் வரலாறு நமக்கு, சிறப்பாக மிஷன் பள்ளிகளின் வழிவந்தோர்க்கு, அந்நியமானதும் அன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு ராபர்ட் லோ என்பவரின் முயற்சியால் திருத்தியமைத்த கல்வி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பள்ளிக்கு வரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருகைக்கென நான்கு ஷில்லிங்கும், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் தேறினால் எட்டு ஷில்லிங்கும் மானியமாகக் கிடைக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும், தவறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்சு குறைக்கப்படும். பொதுப்பணம் வீணாகாமல் காக்கவும், பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் கருத்தாய்க் கற்பிக்கச் செய்யவும் இம்முறை உதவும் என்று அதை வகுத்தோர் நம்பினர். அந்நோக்கத்தைப் பழிப்பதற்கில்லை.

விளைந்தது என்ன? பள்ளி ஆய்வாளராக 1851 முதல் 1886 வரை பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். பள்ளிகளின் அறிவுத் துடிப்பு குன்றிவிட்டது, கற்பித்தல் இயந்திரமயமாகிவிட்டது என்று தம் அறிக்கைகளில் அவர் எழுதினார். முன்பு ஆய்வாளர் வந்தால் வகுப்போடு உரையாடுவார்; ஆசிரியரோடு பாடத்தைப்பற்றிப் பேசுவார். இப்போது அவர் பிள்ளை பிள்ளையாக நிறுத்தி எண்ணி, கட்டத்தில் குறியிட்டுச் செல்லும் கணக்கராகிவிட்டார். பிள்ளைகளோ வாசிப்புப் புத்தகத்தை முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டு, பக்கத்தைப் பாராமலே "வாசித்தனர்". மானியத்துக்கு உதவாத வரலாறும் புவியியலும் ஒதுங்கின. இவையெல்லாம் ஆசிரியர்களின் ஒழுக்கக்கேட்டால் நிகழ்ந்தவை என்று கொள்ளுதல் தவறு. கூலி எதற்குத் தரப்படுகிறதோ அதையே அவர்கள் விளைவித்தனர்.

சென்னை மாகாணம் 1860களின் நடுப்பகுதியிலேயே இம்முறையைத் தனதாக்கிக்கொண்டது. மிஷன் நடத்திய சிற்றூர்ப் பள்ளிகளும், திண்ணைப் பள்ளிகளும் தேர்வுப் பயனுக்கேற்ற மானியத்தைப் பெறலாயின. நன்மையே விளையவில்லை என்று சொல்லமாட்டோம். அதுவரை எவர் கணக்கிலும் இல்லாத திண்ணை வாத்தியார்கள் பலர் இம்மானியத்தின் வழியாகவே அரசின் பார்வைக்குள் வந்தனர். ஆனால் ஆய்வாளர் வரும் நாளே ஆண்டின் திருநாளாயிற்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அது அப்பிள்ளையின் துன்பம் மட்டுமன்று. ஆசிரியர் வீட்டு அடுப்பையும் அது தொட்டது. 1904ஆம் ஆண்டு கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்விக்கொள்கைத் தீர்மானத்தை ஒட்டி இம்முறை கைவிடப்பட்டது. சட்டத்தில் கைவிடப்பட்டதேயன்றி மனத்தில் கைவிடப்படவில்லை என்பது நம் கருத்து. ஆய்வாளர் இருந்த இடத்தில் பொதுத்தேர்வு வந்தது. மானியம் இருந்த இடத்தில் மாணவர் சேர்க்கை வந்தது. விழுக்காடு குறைந்தால் அடுத்த ஜூனில் சேர்க்கை குறையும் என்ற அச்சமே இன்று பல தலைமையாசிரியர்களை ஆட்டிவைக்கிறது.

அளவீட்டில் மிக முன்னேறியதாகக் கருதப்படும் இங்கிலாந்தும் இதில் தெளிவு பெற்றுவிடவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வழங்கிவந்தது. அங்குள்ள பள்ளி ஆட்சிக்குழுவினர் அந்த ஒற்றைச் சொல்லை எதிர்நோக்கி நடுங்கினர். 2023 ஜனவரியில் ரெடிங் நகரத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தீர்ப்பு வழங்குவது நிறுத்தப்பட்டது. நூற்று அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே நாடு ஒரே பாடத்தை இருமுறை கற்றிருக்கிறது.

அமராவதிபுதூரின் மாணவர் ஒருவர்

நம் மாவட்டத்திற்குத் திரும்புவோம். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள அமராவதிபுதூரின் குருகுலத்தில் பயின்றவர்களுள், சிறுகூடல்பட்டியில் 1927ஆம் ஆண்டு பிறந்த ஒருவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அவர்தாம் பிற்காலத்தில் கவிஞர் கண்ணதாசனாக அறியப்பட்டவர். 'சேரமான் காதலி' என்னும் புதினத்திற்காக 1980ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். நம் வாசகர்கள் 'இயேசு காவியம்' வழியாகவும் அவரை அறிவர். இன்றைய கணக்கில் வைத்துப் பார்த்தால் இவர் யார்? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வராதவர். எனவே விழுக்காட்டில் சேராதவர். பள்ளிக்கு அவரால் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. கணக்கேட்டில் அவர் இல்லவே இல்லை.

இந்த எடுத்துக்காட்டை மேடைகளில் கையாளும் விதம் நமக்கு உடன்பாடன்று. "பாருங்கள், எட்டாம் வகுப்பே படித்தவர் கவியரசரானார், பள்ளிப் படிப்பில் என்ன இருக்கிறது?" என்று பேசிக் கைதட்டல் பெறுவோர் உளர். ஒரு மேதையின் வாழ்வைக்கொண்டு ஓர் ஊரின் இடைநிற்றலை நியாயப்படுத்துதல் அறிவுடைமை ஆகாது. அதே காலத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற பிற பிள்ளைகள் என்ன ஆயினர்? அவர்களுடைய பெயர்கள் எவருக்கும் தெரியா. கண்ணதாசனைப் பற்றி நாம் அறிவதற்குக் காரணம் அவர் தாமாகவே புகழ்பெற்றதுதான். பள்ளிக்கணக்கு அவரைத் தொடர்ந்து சென்று கண்டுபிடித்ததன்று. அளவுகோலின் குறைபாடு இவ்விடத்தில் வெளிப்படுகிறது. அது தன் கையைவிட்டுப் போனவரில் மேதையையும் அறியாது, வீழ்ந்தவரையும் அறியாது.

அதே ஊரில் மற்றொரு முயற்சியும் நடைபெற்றது. மாதர் மறுமண இயக்கத்தை 1930களில் முன்னின்று நடத்திய சொ. முருகப்பா அங்கு மகளிர் இல்லம் அமைத்தார். கணவனை இழந்தவள் வீட்டின் இருண்ட மூலைக்கு உரியவள் என்று கருதிய காலத்தில் எழுந்த பணி அது. அத்தகைய இல்லம் ஒன்றன் வெற்றியை எந்த எண்ணால் அளப்பது? அங்கு வந்தவள் எந்நிலையில் வந்தாள், எந்நிலையில் வெளியேறினாள் என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி, அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்ல இயலாது.

பதிவேட்டைத் திறந்து பார்த்தல்

அப்படியானால் அளவே வேண்டா என்போமா? கல்வியை அளக்கவியலாது, அது ஆன்மாவைப் பண்படுத்துவது என்று உயர்ந்த குரலில் சொல்லிவிட்டு எழுந்துபோவதும் நம் வட்டாரங்களில் வழக்கம். நாம் அதை ஏற்கவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால், பண்பாட்டைப் பற்றிய சொற்பொழிவு அக்குறையை மூடாது. அளக்கத்தான் வேண்டும். எதை அளப்பது, யார் தம் கண்ணால் பார்த்து அளப்பது என்பவையே கேள்விகள்.

குழு முதலில் கேட்கவேண்டிய ஏடு தேர்வு முடிவுப் பட்டியலன்று, சேர்க்கைப் பதிவேடு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, இவ்வாண்டுத் தேர்ச்சிப் பட்டியலோடு ஒவ்வொரு பெயராகப் பொருத்தவேண்டும். பொருந்தாத பெயர்களுக்கெதிரே மாற்றுச் சான்றிதழ் வழங்கிய நாளையும், சொல்லப்பட்ட காரணத்தையும் எழுதவேண்டும். ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் மட்டும் சான்றிதழ்கள் கொத்தாக வழங்கப்பட்டிருந்தால், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. முற்காலத்தில் ஒரு பிள்ளை எங்குப் போயிற்று என்று கண்டறிவது கடினம். இன்று அச்சாக்கும் இல்லை. தமிழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்னும் கல்வித் தகவல் முறைமையில் ஓர் எண் உண்டு. ஒரு பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளையின் பெயர் அதன் பொதுத் தொகுப்பில் நிற்கும். வேறொரு பள்ளி சேர்த்துக்கொண்டால்தான் அங்கிருந்து நகரும். ஆகவே, "வேறு பள்ளிக்குப் போய்விட்டான்" என்ற விடை மெய்யா என்பதைத் தலைமையாசிரியர் ஒரே நாளில் சரிபார்த்துச் சொல்லலாம். கேட்பார் இல்லாமையால் சொல்வாரும் இல்லை.

இவ்வாறு தொகுக்கும்போது, வெளியேறிய பிள்ளைகள் எந்தத் தெருவினர், எந்தத் தொழில் செய்வோரின் மக்கள் என்பதும் புலனாகும். நம் அனுபவத்தில், குழுவினர் எவரும் பேச விரும்பாத பக்கம் இதுவே. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு செல்பவர்களின் பிள்ளைகளும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் பிள்ளைகளும் அப்பட்டியலில் மிகுந்திருந்தால், பள்ளியின் தரம் என்பது வேறொரு பொருளைப் பெற்றுவிடுகிறது. ஒடுக்கப்பட்டோருக்குக் கதவு திறந்ததே நம் முன்னோர் நிறுவிய பள்ளிகளின் மேன்மை என்று நூற்றாண்டு மலர்களில் எழுதிவருகிறோம். அக்கதவு இன்று எப்பக்கமாகத் திறந்துகொண்டிருக்கிறது என்பதைச் சேர்க்கைப் பதிவேடு சொல்லும்.

அடுத்தது வாசிப்பு. ஏசர் என்னும் ஆண்டறிக்கைக்காக 2005 முதல் இந்தியச் சிற்றூர்களில் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று, ஒரு தாளில் அச்சிட்ட எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் செய்கின்றனர். நுட்பமான கருவி ஏதுமில்லை; ஒரு தாள், ஒரு பிள்ளை, பொறுமையுள்ள ஒரு பெரியவர். கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப் பின்வந்த 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழகச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக்குரிய பகுதியை வாசிக்கக்கூடியவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் இது ஏறத்தாழப் பன்னிருவராக உயர்ந்தது. இடையில், 2022ஆம் ஆண்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தொண்ணூற்றை மிஞ்சும் அதே மாநிலத்தின் எண்கள் இவை. இரண்டும் வேறு வேறு வயதினரைப் பற்றியவை என்பதால் நேருக்குநேர் ஒப்பிடலாகாது. எனினும், மேல்மாடியின் விளக்கைப் பார்த்து அடித்தளத்தை மதிப்பிடலாகாது என்பதற்கு இது போதிய சான்று.

இச்சோதனையைக் குழு உறுப்பினர் இருவர் ஒரு காலைப்பொழுதில் தங்கள் பள்ளியிலேயே செய்யலாம். நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பதின்மரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்துகொண்டு, அவர்கள் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கக் கேட்கலாம். தலைமையாசிரியர் தெரிவுசெய்து அனுப்பும் பதின்மரைக் கேட்பதில் பயனில்லை. அப்பதின்மர் எப்போதும் நன்றாகவே வாசிப்பர், வரவேற்புப் பாடலும் பாடுவர். கேட்பவர் கையில் குறிப்பேடு இருக்கட்டும், பிரம்போ பரிசுப் பொட்டலமோ வேண்டா. ஆண்டுக்கு இருமுறை செய்து அதே பிள்ளைகள் எவ்வளவு தூரம் நகர்ந்தனர் என்று பார்த்தால், பள்ளி என்ன செய்கிறது என்பது விளங்கும்.

நகர்ந்த தூரம் என்னும் இக்கருத்தே நம்மைப்போன்ற பள்ளிகளுக்கு நீதி செய்யும் அளவை. தாலந்துகளின் உவமையில், ஐந்தைப் பத்தாக்கினவனுக்குக் கிடைத்த அதே பாராட்டு இரண்டை நான்காக்கினவனுக்கும் எழுத்துப் பிசகாமல் கிடைக்கிறது. இதனை ஒரு விளக்கவுரைக் குறிப்பாக மாணவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். பள்ளிக்குழுவில் அமரும்போது அதன் பொருள் உறைக்க வேண்டும். நுழைவுத்தேர்வு வைத்து, கற்ற பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு நூறு விழுக்காடு காட்டும் பள்ளி ஐந்தை ஐந்தாகவே வைத்திருக்கக்கூடும். முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைகளைச் சேர்த்து எண்பத்தைந்து விழுக்காடு காட்டும் பள்ளி இரண்டை நான்காக்கியிருக்கக்கூடும். சேர்ந்த நாளில் பிள்ளை என்ன அறிந்திருந்தது என்ற குறிப்பு பள்ளியில் இல்லையெனில், இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண வழியேயில்லை. அக்குறிப்பை ஆறாம் வகுப்புச் சேர்க்கையின் முதல் மாதத்திலேயே எழுதி வைக்கச் செய்தல் குழுவின் கடமை.

ஆசிரியரைப்பற்றியும் ஒரு சொல். பள்ளியின் தரத்தைக் குழு தன் கையால் தீர்மானிக்கும் நாள் ஒன்று உண்டு. அது தேர்வு முடிவு நாளன்று, நியமன நாள். ஒரு பணியிடத்திற்குத் தகுதியானவரைத் தெரிந்துகொண்டால் முப்பது ஆண்டுகளுக்கு அதன் பலன் வகுப்பறையில் இருக்கும். எங்கெங்கு நியமனத்தில் பணமோ, உறவோ, திருச்சபைத் தேர்தல் கணக்கோ கைமாறுகிறதோ, அங்கெல்லாம் அதன் விலையை அந்த முப்பது ஆண்டுகளின் பிள்ளைகள் செலுத்துகின்றனர். இதைச் செய்துவிட்டுப் பின்னர்த் தேர்ச்சி குறைந்ததென்று தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் குழுக்களும் உள. காலிப் பணியிடம் எத்தனை நாள் காலியாக இருந்தது, அந்நாட்களில் கணக்குப் பாடத்தை யார் நடத்தினார் என்ற கேள்விகளுக்கு விடை தரவேண்டியவர் தலைமையாசிரியர் அல்லர், குழுவே.

மற்றோர் அளவும் நமக்குத் தோன்றுகிறது. அதை எழுதுவதில் சற்றுத் தயக்கம் உண்டு. குழுவினரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே படிக்கின்றனர்? தம் பொறுப்பிலுள்ள தமிழ்வழிப் பள்ளியை ஆண்டறிக்கையில் புகழ்ந்துவிட்டு, தம் பிள்ளையைக் காலையில் நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் தாளாளர் உண்மையில் இரண்டு அறிக்கைகள் தருகிறார். பெற்றோர்கள் இரண்டாவது அறிக்கையையே நம்புகின்றனர்.

பெற்றோர்கள் என்றதும் சட்டத்தைக் கூறவேண்டியுள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுபான்மையினர் பள்ளிகளில் இக்குழுக்களுக்கு ஆலோசனை கூறும் பணியை மட்டுமே விட்டுவைத்தது. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அச்சட்டமே சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுஆய்வு செய்யவேண்டுமென 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கருதினர். அரசியலமைப்பு தந்த உரிமையைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அரசின் தலையீட்டிலிருந்து பெற்ற விலக்கு, பெற்றோரின் கேள்வியிலிருந்து பெற்ற விலக்காக மாறிவிட்டதா என்று கேட்காதிருக்க முடியவில்லை. சட்டம் வற்புறுத்தாத இடத்தில் நாமாகவே இரண்டு தாய்மார்களைக் குழுவில் அமர்த்திக்கொள்வதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்த ஆசிரியர் அடிக்கிறார், கூட்டிப் பெருக்க எந்தப் பிள்ளைகள் மட்டும் அழைக்கப்படுகின்றனர் என்பவை தாளாளர் அறிக்கையில் வருவதில்லை. அத்தாய்மார்கள் முதற் கூட்டத்திலேயே சொல்லிவிடுவர்.

இவ்வளவும் கேட்கத் தொடங்கினால் குழு வகுப்பறைக்குள் மூக்கை நுழைக்கிறது என்று ஆசிரியர்கள் வருந்துவர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. இலக்கணத்தை எப்படி நடத்துவது, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பவை ஆசிரியரின் தனியுரிமை. அவற்றில் ஆயருக்கும் செயலருக்கும் வேலையில்லை. வாசிப்புச் சோதனையில் கிடைத்த எண்ணை ஓர் ஆசிரியரின் ஊதிய உயர்வோடோ இடமாற்றத்தோடோ ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். அடுத்த ஆண்டே பிள்ளைகள் தாளைப் பாராமல் "வாசிக்க"த் தொடங்கிவிடுவர். 1862ஆம் ஆண்டின் கதை நம் பள்ளி வளாகத்தில் மீண்டும் அரங்கேறும். ஆதலால் அவ்வெண்களைப் பதாகையில் எழுதாமலும், ஊதியத்தில் கட்டாமலும், குழுவின் அறைக்குள் ஆசிரியர்களோடு அமர்ந்து பேசுவதற்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும். எந்த வகுப்பிற்குக் கூடுதல் ஆசிரியர் தேவை, எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்ற முடிவுகள் அப்பேச்சிலிருந்து பிறக்கவேண்டும்.

வரும் ஜூன் மாதக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைத் தாளாளர் வாசித்து முடித்ததும், சேர்க்கைப் பதிவேட்டை மேசைமேல் கொண்டுவந்து வைக்குமாறு ஒருவர் கேட்கலாம். பொருந்தாத பெயர்களின் பட்டியல் தயாரானபின், அவ்வீடுகளுக்கு ஆசிரியரை மட்டும் அனுப்புதல் போதாது. குழுவினர் இருவர் உடன்செல்லவேண்டும். தனித்தேர்வராக எழுதும்படி சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை இன்னும் ஊரில் இருந்தால், அப்பிள்ளை மீண்டும் வகுப்பில் அமர என்ன தடை என்பதை அங்கேயே கேட்டறியலாம். போய்வரும் பேருந்துக் கட்டணத்தைப் பள்ளிக் கணக்கில் எழுதிக்கொள்ள எந்தத் தணிக்கையாளரும் மறுக்கமாட்டார்.